ஒன்பதாவது பெயர்

அத்தியாயம் 14

இன்னாசி மாஸ்டரைப் போன வாரம் கோயில் முற்றத்தில், கையில் மைக்கோடு விட்டுவிட்டு வந்தோம். ஐயோ பாவம் என்று யாரும் அவசரப்பட்டு இரக்கப்பட வேண்டாம். மனுஷன் செய்த காரியத்தை ஒருமுறை ஞாபகப்படுத்திக்கொண்டு, பிறகு முடிவு செய்யலாம்.

கார்த்திகை மழையில் மாத்தளைச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகள் சரிந்து விழுந்தன. பங்குக் கோயிலின் ஏழைகள் உதவிச் சபை, எந்தச் சமயமானாலும் சரி என்று பதினைந்து குடும்பங்களைத் தெரிவு செய்தது. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முதல் நாள் ஆளுக்குப் பத்துக் கூரைத் தகரமும் ஒரு மூட்டை அரிசியும் கொடுப்பதாக ஏற்பாடு. சபையின் செயலாளர் நம்முடைய மாஸ்டர்தான். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்பு வாசித்தவர். ஒரு பிள்ளையின் பெயரைக்கூடத் தவறவிட்டதில்லை என்று இன்றைக்கும் பெருமை பேசுகிறவர்.

அந்தப் பட்டியலில் ஒன்பதாவதாக இருந்த பெயரைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டு, காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக இருந்த ஒரு பெயரைக் கடைசியில் எழுதினார். வெட்டிய பெயர் ஜசிந்தா. அவருடைய சொந்த அக்கா.

"நம்ம குடும்பம் குடுக்குற குடும்பம். வாங்குற குடும்பம் இல்ல." இது அவருடைய அப்பா காலத்துப் பேச்சு. அக்காவுக்குத் தனியாக, கௌரவமாக, நாலு பேருக்குத் தெரியாமல் செய்துவிடலாம் என்று நினைத்தார். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று வேதத்திலேயே இருக்கிறதே, பிறகென்ன!

ஆனால் அந்த அக்கா அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் வந்து நிற்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எட்டாவது பெயரை வாசித்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். வெட்டின கோட்டைத் தாண்டிப் பத்தாவது பெயருக்குப் போனார்.

வரிசை கலைந்தபோது ஜசிந்தாவைக் காணவில்லை.

*

நத்தார் காலை, எட்டு மணிப் பூசை. பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வாங்குப் பலகையில் ஜசிந்தா உட்காரும் இடத்தில் வேறு யாரோ ஒரு பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் பாலன் குடிலைப் பார்த்ததைவிட அந்த வாங்கைப் பார்த்ததுதான் அதிகம்.

நன்மை அப்பம் கொடுத்து முடிந்ததும் பாதர் மைக்கருகே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நத்தாருக்கு ஒரு நல்ல செய்தி வச்சிருக்கேன். நம்ம ஊர்ல பொறந்து இப்ப வெளிநாட்டுல இருக்கிற ஒரு குடும்பம் நேத்து ராத்திரி பேசினாங்க. நேத்துத் தகரம் வாங்கின பதினஞ்சு குடும்பத்துக்கும் கல்வீடு கட்டித் தர்றாங்களாம். புது எடத்துல, பயமில்லாத எடத்துல."

கோயிலே 'ஆ' என்றது. பின்னாலிருந்த ஒரு கிழவி சத்தமாகவே "மாதாவே" என்று அழுதாள்.

"இன்னைக்கு ஆறு மணிக்கு முன்னாடி பேரையெல்லாம் அனுப்பச் சொல்லியிருக்காங்க. எனக்கு ஒரு வேலையும் இல்ல. நம்ம இன்னாசி மாஸ்டர் அழகா லிஸ்ட் எழுதி வச்சிருக்காரு. அவருக்கு ஒருக்கா கை தட்டுங்க."

தட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள். மாஸ்டரின் மனைவி றெஜினா அந்தப் பக்கத்து வாங்கிலிருந்து கண்ணால் சாடை காட்டினாள். கொஞ்சம் சிரிக்கட்டுமாம். மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டது.

நேற்றுவரை அது வெறும் பத்துத் தகரம். இருபது தகரமாகவே வாங்கிக் கொடுத்திருப்பார், அதற்கென்ன. இன்றைக்கு அது ஒரு வீடு. அக்காவின் வீட்டை அவர் தன் கையால் வெட்டியிருக்கிறார். வாத்தியார் உத்தியோகத்துப் பென்ஷனில் கல்வீடு கட்டிக் கொடுக்க அவர் என்ன மிளகுத் தோட்டத்து முதலாளியா?

பூசை முடிந்து பாதரைச் சுற்றிக் கூட்டம் நின்றது. மாஸ்டர் இரண்டு தரம் கிட்டப் போனார். இரண்டு தரமும் யாரோ ஒருவர் அவருடைய கையைப் பிடித்து "புண்ணியம் மாஸ்டர், புண்ணியம்" என்று குலுக்கினார்கள். மூன்றாம் தரம் போகவில்லை. நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். கோழைத்தனம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆனாலும் அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

*

இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நத்தார் அன்று பன்னிரண்டு சோற்றுப் பார்சல் வாசலைத் தாண்டிப் போகும்வரை யாரும் சாப்பிடக் கூடாது. அப்பா வைத்துவிட்டுப் போன நேர்த்திக்கடன். மஞ்சள் சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய் மோஜு, தனிக் கடதாசியில் சுற்றி ஒரு துண்டுப் பலகாரம். எவ்வளவு பசித்தாலும் சரி, பன்னிரண்டும் போக வேண்டும்.

பார்சல் கட்டுவது ஜசிந்தாவின் வேலை. இந்த வருஷம் றெஜினா கட்டினாள். மூன்றாவது பார்சலிலேயே குழம்பு அவளுடைய புதுச் சாரியில் வடிந்தது.

"உங்க அக்கா கட்டினா மலையிலருந்து உருட்டி விட்டாலும் அவிழாது. எங்கங்க அவங்க? பூசைக்கும் வரல்ல."

"போன் பண்ணினேன். ஓஃப்ல இருக்கு."

"வீடு எப்படி இருக்குதுன்னு போய்ப் பாத்தீங்களா இல்லையா?"

"கொஞ்சம் ஒழுகுது, பரவாயில்லன்னுதானே சொன்னா."

"அவங்க எப்பதான் பரவாயில்லன்னு சொல்லாம இருந்திருக்காங்க? புருஷன் செத்த அன்னைக்கும் பரவாயில்லன்னுதான் சொன்னாங்க."

மாஸ்டர் அடுத்த பார்சலுக்கு நூல் எடுத்துக் கொடுத்தார். மழை விட்டு மூன்று வாரம். சபை வேலையாக எத்தனையோ வீடுகளுக்கு மேடேறி இறங்கினார், உடைந்த சுவரைத் தடவிப் பார்த்தார், கொப்பியில் எழுதினார். அக்கா இருக்கும் அலுவிகாரைப் பக்கத்தை மட்டும் வேறு இரண்டு பேரிடம் ஒப்படைத்திருந்தார். அக்காவின் பெயரை எழுதிக்கொண்டு வந்ததும் அவர்கள்தான். 'பின் சுவர் முழுக்க இல்லை' என்று பக்கத்தில் குறிப்பும் இருந்தது. வாசித்துவிட்டுத்தான் வெட்டினார்.

கடைசி மூன்று பார்சலை மகள் பெனிட்டா ஸ்கூட்டியில் கொண்டுபோனாள். கண்டியில் வேலை செய்கிறவள், லீவுக்கு வந்திருக்கிறாள். "அலுவிகாரைக்குப் போயிட்டு ஓடி வர்றேன், கோழிக்காலை எனக்கு வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

திரும்பி வந்தவள் கோழிக்காலைக் கேட்கவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்னாடி?" என்றாள் றெஜினா.

"கடைசிப் பார்சல் ஸஜீதா அக்கா வீட்டுக்கு. குசினி விழுந்துபோன வீடு. கதவைத் தட்டினேன்." பெனிட்டா ஸ்கூட்டிச் சாவியை மேசையில் வைத்தாள். "அத்தைதான் தொறந்தாங்க."

"எந்த அத்தை?"

"நமக்கு எத்தனை அத்தைம்மா? ஜசிந்தா அத்தை. மூணு கிழமையா, தன் வீட்டை விட்டுட்டு, அடுத்த வீடான அங்கதான் இருக்காங்களாம். ஸஜீதா அக்காவுக்கு இருக்கிறதே ஒரு அறை. நடுவுல சாரியைக் கட்டி அத்தைக்குப் பாதி குடுத்திருக்காங்க. நம்ம வீட்டுப் பார்சலை அத்தை கையை நீட்டி வாங்கினாங்கம்மா. 'நல்லா கட்டல்லையே'ன்னு சிரிச்சாங்க."

றெஜினா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, நேத்து அத்தை கோயிலுக்கு வந்தாங்களாம். பேர் விடுபட்டுப் போச்சாம். அப்பா மேல தப்பில்ல, அவசரத்துல எழுதியிருப்பாங்கன்னு ஸஜீதா அக்காகிட்ட சொல்லியிருக்காங்க. பாதர்கிட்ட சொன்னா இப்பவே சேத்துருவாங்கதானே? நீங்க ஒரு போன் போடுங்க."

மாஸ்டர் சோற்றுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா?"

"விடுபடல்ல," என்றார். "நான்தான் வெட்டினேன்."

பக்கத்து வீட்டில் பைலாப் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வாய் திறந்தது றெஜினா. "ஏன்?"

"என் வாயால, அத்தனை பேருக்கு முன்னாடி, நம்ம வீட்டுப் பேரை வாங்குறவங்க வரிசையில எப்படி..."

"நம்ம வீட்டுப் பேரா? அது அவங்க பேருங்க! அதை வெட்ட நீங்க யாரு?" றெஜினா கல்யாணம் செய்து முப்பது வருஷத்தில் அவரை இப்படிக் கேட்டதில்லை. "ஊருக்கெல்லாம் கூரை போட்டீங்க. கூடப் பொறந்தவ அடுத்த வீட்டுத் திரைக்குப் பின்னாடி படுத்திருக்கா. நானும் ஒரு மனுஷியா? ஒரு நாள் போய்ப் பாக்கல்லையே நானும்!"

பெனிட்டா ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அப்பாவைப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மாஸ்டருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். பழக்கதோஷம், பலகாரத் தட்டையும் கையில் எடுத்துவிட்டார். றெஜினா அதைப் பிடுங்கி மேசையில் வைத்தாள்.

"வெறுங்கையோட போங்க. இன்னைக்கும் குடுக்கப் போகாதீங்க."

*

அலுவிகாரையில், கண்டி வீதிக் கடைகளுக்குப் பின்னால் ஒரு மேடு. ஓட்டோவை விட்டு இறங்கி ஏறும்போதே மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. அக்காவின் வீட்டு முன்பக்கம் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. கதவில் பூட்டு. வாசலில் குரோட்டன் செடி. பரவாயில்லை என்று அவள் சொன்னது இதைத்தானோ என்று ஒரு கணம் நப்பாசைப்பட்டார்.

பக்கவாட்டில் சுற்றிப் போனார். பின் சுவர் இல்லை. அறை இல்லை. சிவப்பு மண் கட்டிலின் பாதி உயரத்துக்கு வந்து கிடந்தது. தறப்பாள் ஒன்று காற்றில் படபடத்தது. அத்தான் செத்த பிறகு அக்கா ராப்பகலாகத் துணி தைத்துச் சேர்த்த காசில் எழுப்பிய வீடு. மாஸ்டர் அங்கேயே நின்று, வாயில் கையை வைத்துக்கொண்டு அழுதார். வயது அறுபத்து மூன்று. யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். அவர் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அடுத்த வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஜசிந்தா ஒரு சின்னப் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஸஜீதாவின் மூத்த மகள் அஸ்ரா. மாஸ்டரின் நிழல் விழுந்ததும் ஜசிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க மாஸ்டர். உக்காருங்க."

பிறந்ததிலிருந்து அவரை அவள் 'டேய்' என்றும் 'தம்பி' என்றும்தான் கூப்பிட்டிருக்கிறாள். மாஸ்டர் என்று ஊரே கூப்பிடுகிறது, அது வேறு. அக்காவின் வாயில் அதைக் கேட்டதும் மாஸ்டருக்கு உட்கார முடியவில்லை.

உள்ளே இருந்து ஸஜீதா எட்டிப் பார்த்தாள். "வாங்க மாஸ்டர், வாங்க. நல்ல நாளும் அதுவுமா வந்தீக்கிறீங்க. இரிங்க, தேத்தண்ணி ஊத்துறேன். இவரும் கலேவெலக்கு லொறியில பெய்ட்டாரு, இல்லாட்டிச் சந்தோஷப்படுவாரு. அஸ்ரா, நீ இங்க வா மகள்."

பிள்ளை உள்ளே ஓடியது. ஜசிந்தா சீப்பில் இருந்த முடியை எடுத்துச் சுருட்டினாள்.

"அக்கா..."

"சொல்லுங்க."

"ஒம் பேரு விடுபடல்ல."

"தெரியும்."

மாஸ்டர் அசந்துபோனார்.

"பேரைத் தவறவிட்டவன் லிஸ்டைத்தான் பாப்பான். நீ என்னையப் பாத்த," என்றாள் ஜசிந்தா. கோபமில்லாமல், ஏதோ சட்டை அளவு சொல்வது மாதிரி சொன்னாள். "பாத்துட்டு அடுத்த பேருக்குப் போன. அப்பவே விளங்கிருச்சு."

"தனியா செய்யலாம்னு இருந்தேங்க்கா. சத்தியமா. தகரம், மரம், எல்லாம் நானே..."

"எப்ப?"

எப்போது என்று அவர் யோசித்திருக்கவே இல்லை.

பிறகு காலையில் பாதர் சொன்னதைச் சொன்னார். கல்வீடு. பதினைந்து குடும்பம். ஆறு மணி. சொல்லச் சொல்ல ஜசிந்தாவின் கை சீப்போடு மடியில் விழுந்தது. ஸஜீதாவும் அவளுடைய புருஷன் நளீமும் காலையில் கோயிலுக்கா போனார்கள்? பெனிட்டாவும் பதறித் திரும்பியதில் சொல்லாமல் வந்துவிட்டாள்; அந்த மேட்டுக்கு இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

"வீடா?" என்றாள். சின்னக் குரலில், ஒருமுறைதான்.

"நான் இப்பவே பாதர்கிட்ட சொல்றேன். நான்தான் வெட்டினேன்னு சொல்லி ஒம் பேரைத் திரும்ப..."

"என் பேரை வெட்டிட்டு யார் பேரை எழுதின?"

மாஸ்டர் உள்பக்கம் பார்த்தார். அவ்வளவுதான். ஜசிந்தா புரிந்துகொண்டாள்.

"சும்மா இரு," என்றாள் அவசரமாக, குரலைத் தாழ்த்தி. "சொல்லாத. பாதர்கிட்டயும் சொல்லாத. ரெண்டு பிள்ளை இருக்கு அவளுக்கு. குசினி விழுந்தப்ப அந்தச் சின்னது தொட்டில்ல இருந்துச்சு தெரியுமா? நான் ஒத்தைக் கட்டை, எங்கயாவது கெடப்பேன்."

"அக்கா, நான் செஞ்ச பாவத்துக்கு நீ ஏன்..."

"ஒம் பாவத்தைக் கழுவ அவ வீடுதான் கெடைச்சுதா?"

தேத்தண்ணிக் கோப்பைகளோடு ஸஜீதா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கோப்பைகளைத் தரையில் வைத்தாள்.

"மாஸ்டர், அப்ப என்ட பேரு அக்காட எடத்துலயா ஈக்கிது?"

"நீ உள்ளுக்குப் போ ஸஜீதா," என்றாள் ஜசிந்தா.

"யா அல்லாஹ்! நேத்துத் தகரத்தை மேட்டுல தூக்கிட்டு வரக்கொள்ள அக்காதான் ஒரு பக்கம் புடிச்சாங்க. 'ஒனக்குக் கெடைச்சுதே, போதும்'னு செல்லிச் சிரிச்சாங்க மாஸ்டர். அவங்கட தகரத்தை அவங்களே தூக்கிக்கொண்டு வந்தீக்கிறாங்க!" ஸஜீதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வேணாம். என்ட பேரை எடுத்துருங்க. ஊடு போனாப் போகட்டும், நசீபுல இருந்தா வரும். அக்காக்குச் சேர வேண்டிய ஹக்கு எனக்கு வேணாம்."

"அடி பைத்தியக்காரி, ஒனக்கு ரெண்டு பிள்ளை!"

"எனக்குப் புருஷன் ஈக்கிறாரு. உழைப்பாரு. ஒங்களுக்கு யாரு ஈக்கிறாங்க?"

கேட்டுவிட்டு ஸஜீதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். தம்பி அங்கேதான் நிற்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

மாஸ்டர் போனை எடுத்தார். இரண்டு பெண்களுக்கும் முன்னாலேயே பாதரைக் கூப்பிட்டார்.

"பாதர், இன்னாசி பேசுறேன். லிஸ்ட்ல ஒன்பதாவதா இருந்த பேரை நான்தான் வெட்டினேன். அவங்களுக்கு வீடு விழுந்தது உண்மை. தெரிஞ்சுதான் வெட்டினேன். அது எங்க அக்கா, பாதர். வெக்கப்பட்டு வெட்டினேன். பதினாறாச் சேர்க்க ஏலுமா?"

பாதரின் குரல் கோபத்தைவிடக் களைப்பாகத்தான் இருந்தது.

"பதினஞ்சு துண்டுக் காணிதான் இருக்கு மாஸ்டர். காலையிலயே கேட்டேன். ஒரு பேரைச் சேர்த்தா ஒரு பேரை எடுக்கணும். யாருடைய பேரை எடுக்கிறதுன்னு நான் எப்படிச் சொல்ல? ஒவ்வொரு வீடாப் பாத்து எழுதினது நீங்க. நீங்களே முடிவெடுத்து ஆறு மணிக்கு முன்னாடி சொல்லுங்க."

போன் நின்றது. பேசினது இருவருக்கும் கேட்டிருந்தது. உள்ளே சின்னப் பிள்ளை அழத் தொடங்கியதும் ஸஜீதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தேத்தண்ணியை யாரும் தொடவில்லை.

"ஒன்னு கேக்குறேன்," என்றார் மாஸ்டர். "இவ்வளவு கஷ்டம்னா வீட்டுக்கு வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. ஏன் அந்த வரிசையில வந்து நின்ன?"

ஜசிந்தா தம்பியின் சட்டையில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். பழைய வழக்கப்படி கை அதற்குப் போனது, பாதியில் நின்றுவிட்டது.

"ஒங்கிட்ட வந்தா நீ குடுத்திருப்ப. அப்புறம் ஒன்னையப் பாக்கிறப்பெல்லாம் வாங்கினவளாத்தான் பாக்கணும். வரிசையில நின்னா நானும் பதினஞ்சுல ஒருத்தி. அவ்வளவுதான்டா." கையை மடிக்கு எடுத்துக்கொண்டாள். "அதுக்கும் ரெண்டு நாள் யோசிச்சேன். வெக்கமாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் நெனச்சேன், பேர் வாசிக்கிறது நம்ம தம்பிதானே, அவன் வாயால கூப்பிட்டா எனக்கு என்ன வெக்கம்னு. வேற யாராவது வாசிக்கிறதா இருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன்."

மாஸ்டர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஐந்து மணி ஆகியிருந்தது, பாதருக்குப் பெயர் சொல்ல இன்னும் ஒரு மணி நேரம். திரைக்கு அந்தப் பக்கத்தில் ஸஜீதா பிள்ளையைத் தட்டித் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள்.